புதுசா, பழசா? மோட்டார் சைக்கிள் சங்கிலி பற்றிக் கொஞ்சம்

இந்தப் பக்கங்களில் கவிதையும், கோயில் தேர்த்திருவிழாவும், பிள்ளைகளின் தமிழ்ப் பரீட்சைப் பெறுபேறுகளும் வருவதுதான் வழக்கம். நாங்கள் எழுத எடுத்துக்கொண்ட விடயமோ கிறீஸும் ஊத்தையும் படிந்தது. ஆனாலும் எங்களைப் போல அதிகாலை வேலைக்குப் போகும் குடும்பங்கள் பல இருப்பதால், நாலு பேருக்காவது பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் இரண்டு குடும்பம், ஒரு வீடு, மூன்று வேலைக்காரர், இரண்டு மோட்டார் சைக்கிள். இருப்பது ஜேர்மனியின் சவர்லாண்ட் மலைப்பக்கம். இங்கே இரும்பு, உருக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலைகள் நிறைய. எங்கள் காலை வேலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும். எங்கள் ஊருக்கு முதல் பஸ் வருவதோ ஆறே காலுக்கு. கார் ஒன்று வாங்கி வரியும் காப்புறுதியும் கட்ட எங்கள் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே மழையோ பனியோ, இரண்டு சில்லில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

இரண்டு வண்டிகளில் ஒன்று 125 சீசி ஜப்பான் வண்டி. ஜேர்மனியில் 2019ஆம் ஆண்டு கடைசியிலிருந்து ஒரு வசதி உண்டு. கார் அனுமதிப்பத்திரம் எடுத்து ஐந்து ஆண்டு கழிந்து, வயதும் 25ஐத் தாண்டியிருந்தால், பரீட்சை இல்லாமல், 90 நிமிடப் பாடம் ஒன்பது எடுத்துவிட்டு 125 சீசி ஓட்டலாம். எங்களில் இருவர் அப்படித்தான் எடுத்தோம். அது ஜேர்மனிக்குள் மட்டுமே செல்லும் என்பதை மறக்க வேண்டாம். மற்றது பெரிய வண்டி, யமஹா எக்ஸ்ஜே 900. அதை ஓட்ட முழு அனுமதிப்பத்திரம் உள்ளவர் எங்களில் ஒருவர்தான். வயதில் மூத்த அவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றே கூப்பிடுவோம்.

கடந்த ஆண்டு மாரி தொடங்க முன்னர் இரண்டு வண்டிகளுக்கும் ஒன்றாகவே வருத்தம் வந்தது. அதுவும் என்ஜினில் அல்ல. என்ஜினின் சக்தியைப் பின்சில்லுக்குக் கொண்டுபோகும் பாகங்களில். 125இன் சங்கிலி தொய்ந்து கடகடவென்று அடித்தது. பெரிய வண்டியில் சங்கிலி கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு இரும்புத் தண்டு சுழன்று, பின்சில்லோடு ஒட்டியிருக்கும் பற்பெட்டியைச் சுழற்றும். அந்தப் பெட்டி ஒயில் கசிந்து முனகத் தொடங்கியது.

அதே கிழமைதான் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம், ஒரு கண்ணுக்காவது உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். ஆகவே கையிலிருந்த ஒவ்வொரு யூரோவுக்கும் இரண்டு சொந்தக்காரர் நின்றார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சின்ன விடயம். எங்களுக்கு அப்படியல்ல. எங்களில் ஒருவர் இன்னும் ஏஜென்சி மூலம்தான் வேலை செய்கிறார். இரண்டு நாள் பிந்தி வந்தால் மூன்றாம் நாள் அவருடைய இடத்தில் வேறொருவர் நிற்பார். விசாக் காட் புதுப்பிக்கப் போகும்போது முதலில் கேட்பது சம்பளச் சீட்டைத்தான். ஆகவே ஒரு சங்கிலி அறுந்தால் அறுவது சங்கிலி மட்டுமல்ல.

ஊர்ப் பழக்கம்

எங்கள் கை முதலில் பழைய பாகத்துக்கே போகும். அதற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, பழக்கம். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாது, பற்றரி கிடையாது, உதிரிப்பாகமும் கிடையாது. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி என்ஜினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். எங்களில் அண்ணைக்கு அது நல்ல ஞாபகம். மற்ற இருவரும் அப்போது குழந்தைகள். எங்களுக்கு ஞாபகம் வன்னி. கூரைத் தகரம், சைக்கிள் ரியூப், உடைந்த எம்டி 90 ஒன்றின் எலும்புக்கூடு, எதுவும் எறியப்படவில்லை. பின்சில்லுக்குள் இருக்கும் றப்பர் தேய்ந்தால் பழைய ரியூப்பை வெட்டி இடையில் சொருகினார்கள். தொய்ந்த சங்கிலியில் ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் பூட்டினார்கள். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் கடையில் பெட்டியோடு இருக்கும் புதுச் சங்கிலியை நாங்கள் முதன்முதலில் கண்டோம்.

ஊரில் இன்றும் அந்தப் பழக்கம் போய்விடவில்லை. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று பெற்றோலைப் பங்கிட்டார்கள். தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியது 2025இல்தான். அத்தனை ஆண்டும் எங்கள் சகோதரர்கள் இருந்ததைக் கொண்டே ஓடினார்கள். அது கெட்டித்தனம்தான்; அதை யாரும் குறைவாகச் சொல்ல முடியாது. ஆனால் அது வேறு வழி இல்லாதவனின் கெட்டித்தனம். வழி இருக்கும் இடத்தில் எதைப் பழசாக எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று பிரித்தறிவது இன்னொரு கெட்டித்தனம். அதை நாங்கள் இங்கே வந்துதான் பழகினோம்.

முதலாவது: சங்கிலி

பழைய வாகனங்களை உடைத்து விற்கும் ஒரு இடத்தில், 125க்குப் பொருந்தும் சங்கிலியும் முன், பின் பற்சில்லுகளும் 15 யூரோவுக்கு இருந்தன. புதிய தொகுதி, கண்ணிகளுக்குள் கிறீஸை அடைத்து றப்பர் வளையம் போட்ட நல்ல இனம், 95 யூரோ. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் வழக்கு நடந்தது.

"தம்பி, எண்பது யூரோ வித்தியாசமடா. உதை மாத்திப் பார், ஊரிலை எத்தினை ஆயிரம் வரும்? பழசையே போடுவம்" என்றார் அண்ணை.

"அண்ணை, பழசுதான் எண்டாலும் முதல்லை அளந்து பாப்பம். கண்ணாலை பாத்து முடிவெடுக்கிற சாமான் இல்லை இது" என்றார் இளையவர்.

அடுத்த சனிக்கிழமை இரும்பு அடிமட்டத்தோடு போனோம். 125 வண்டிகளில் சாதாரணமாக வரும் 428 இலக்கச் சங்கிலியில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையில் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். ஆகவே 20 கண்ணி புதிதில் 254 மில்லிமீற்றர். சங்கிலியை இழுத்து நிமிர்த்தி அளக்க வேண்டும். இரண்டு வீதம் நீண்டு 259 ஆகிவிட்டால் எந்தக் கணக்கிலும் அது குப்பை. வண்டியின் கையேட்டில் அதற்கும் குறைவான எல்லை இருந்தால் அதையே பார்க்க வேண்டும். கடைக்காரர் அதிகம் ஓடாத சங்கிலி என்று சொன்ன அந்தச் சங்கிலி 257 காட்டியது.

சங்கிலி நீள்வது என்று சொல்கிறோமே, உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஆணியும் அதைச் சுற்றிய குழாயும் தேய்கின்றன. அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகள் நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளில் கூடி நீளமாகத் தெரிகின்றன. இங்கே எங்கள் தொழிற்சாலை அறிவு கைகொடுத்தது. நாங்கள் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடம் நின்றவர்கள். ஆனால் சூட்டில் பதப்படுத்திய உருக்கைத் தினமும் கையில் எடுக்கிறோம். அப்படிப் பதப்படுத்திய ஆணியில் கடினமாக இருப்பது மேல்தோல். உள்ளே இரும்பு மிருதுவானது. தோல் தேயும்வரை மெதுவாகத் தேயும். தோல் போனால் மளமளவென்று போகும். ஆகவே பாதி தேய்ந்த சங்கிலியில் பாதி ஆயுள் மிச்சம் இருக்கும் என்று நினைப்பது பிழையான கணக்கு.

பற்சில்லையும் பார்த்தோம். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால், பின்சில்லு ஒரு தடவை சுற்ற முன்சில்லு மூன்று தடவை சுற்றும். ஆகவே சின்னச் சில்லின் பல் மூன்று மடங்கு உழைக்கிறது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நல்ல பல் இரு பக்கமும் ஒரே வடிவில் இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போல வளைந்திருக்கும். நாங்கள் பார்த்த முன்சில்லு வளையத் தொடங்கியிருந்தது.

அப்படியானால் பழைய பற்சில்லை விட்டுவிட்டுப் புதுச் சங்கிலியை மட்டும் வாங்கலாமே என்று கேட்பீர்கள். கூடாது. தேய்ந்த பல்லின் இடைவெளி தேய்ந்த சங்கிலிக்குத்தான் பொருந்தும். புதுச் சங்கிலியை அதில் போட்டால் சங்கிலி சீக்கிரம் கெடும். பழைய சங்கிலியைப் புதுச் சில்லில் போட்டால் சில்லு கெடும். மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே முறை.

மேசையில் மறுபடியும் கணக்குப் போட்டோம். எங்கள் முந்தைய சங்கிலி 17,000 கிலோமீற்றர் ஓடியது. அதே அளவு ஓடினால் புதியதற்கு 1,000 கிலோமீற்றருக்கு ஐந்தரை யூரோ வரும். பழையது 3,500 ஓடும் என்று வைத்தாலும் 1,000த்துக்கு நாலு யூரோ சொச்சம்தான். "பாத்தியே, பழசுதான் மலிவு!" என்று அண்ணை சிரித்தார். கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது, மறுக்க முடியாது.

ஆனால் கணக்கில் வராத ஒன்று உண்டு. சங்கிலி ஓட்டத்தில் அறுந்தால் பேசாமல் றோட்டில் விழுந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. முன்சில்லைச் சுற்றிச் சுருண்டு என்ஜின் பெட்டியை உடைக்கலாம். அப்படி உடைந்தால் வண்டியே முடிந்தது. பின்சில்லில் சிக்கிச் சில்லை இறுக்கிவிட்டால் ஓட்டுபவரும் முடிந்தார். இருட்டில், உப்புப் போட்ட மலைப்பாதையில், பின்னால் லொறி வரும்போது அது நடந்தால் எண்பது யூரோவை யார் திருப்பித் தருவார்? அண்ணையின் மனைவி அதுவரை பேசாமல் இருந்து, "பெரியம்மான்ரை கண்ணுக்கு நாங்கள் ஓவர்ரைம் செய்து அனுப்புவம். ஆள் போனால் ஆர் அனுப்புறது?" என்று கேட்டார். வழக்கு அதோடு முடிந்தது. சங்கிலிக்குப் புதிது என்று தீர்ப்பு.

இரண்டாவது: பற்பெட்டி

பெரிய வண்டியின் பெட்டியில் ஒயிலை வடித்துப் பார்த்தோம். அடிப்பூட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல மெல்லிய தூள் இருந்தால் பயமில்லை. அது சாதாரணத் தேய்மானம். எங்களுக்குக் கிடைத்ததோ ஊசி போன்ற உருக்குத் துண்டுகள். உள்ளே பெயரிங் உடைகிறது என்று அர்த்தம்.

புதுப் பெட்டிக்கு விசாரித்தோம். சொன்ன விலை வண்டியின் விலையையே தாண்டியது. உள்ளே உள்ள பற்களை மட்டும் தனித்தனியாக வாங்கலாமா என்றும் யோசித்தோம். அந்தச் சின்னப் பல்லும் பெரிய பல்லும் தொழிற்சாலையிலேயே சோடியாகச் சேர்த்துச் செய்யப்படுபவை. இடையில் மெல்லிய தகட்டு வளையங்கள் வைத்து இடைவெளியை மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு கணக்கில் சரிசெய்கிறார்கள். ஒன்றின் பல்லை இன்னொன்றோடு சேர்த்தால் சத்தமும் சூடும்தான் மிச்சம். வீட்டுக் கராச்சில் செய்யும் வேலை இது இல்லை.

ஆகவே இங்கே பழையதுதான் புத்தி. முழுப் பெட்டியாக, திறக்காததாக வாங்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் ஒயிலில் குளித்துக்கொண்டு ஓடும் பல் மண்ணையும் உப்பையும் காணாது. ஒயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் வண்டியின் ஆயுள் முழுக்க நிற்கும். இன்னொரு வாகனம் உடைக்கும் இடத்தில், முன்பக்கம் மோதுண்ட ஒரு வண்டியின் பெட்டி 120 யூரோவுக்கு இருந்தது. முன்னால் அடிபட்ட வண்டியின் பின்பக்கம் பெரும்பாலும் நல்லாகவே இருக்கும். துருப்பிடித்து நின்ற வண்டியை விட அடிபட்டு நின்ற வண்டி மேல் என்பது எங்கள் அனுபவம்.

வாங்க முன்னர் பார்த்தவை இவை. கையால் சுழற்றினோம், கரகரப்பு இல்லாமல் ஒரே சீராகச் சுழன்றது. ஒயிலை வடித்தோம், ஊசி இல்லை, தண்ணீர் கலந்த பால்நிறமும் இல்லை. தண்டின் நுனியிலும் சில்லோடு பொருந்தும் இடத்திலும் வரிவரியாக வெட்டிய பற்கள் இருக்கும்; அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும், கத்தி போலக் கூராகிவிட்டால் விட்டுவிட வேண்டும். கடைசியாக, பார்வைக்கு ஒன்றாக இருக்கும் பெட்டிகளிலும் பல்லின் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறலாம். ஆகவே வண்டியின் ஆண்டும் இலக்கமும் ஒத்துவருகிறதா என்று பார்த்தோம். ஒத்திருந்தது.

பெட்டி பழசு, ஆனால் அதன் றப்பர் வளையங்களும் ஒயிலும் புதிது. பூட்டும்போது வரிப்பற்களுக்கு மொலிப்டினம் கலந்த கரிய பசை பூசினோம். தண்டு வண்டி வைத்திருப்பவர்கள் ரயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைப் பூச வேண்டும். பத்து யூரோப் பசையைப் பூசாமல் விட்டால் பல நூறு யூரோப் பற்கள் தேயும்.

பொதுவாகச் சொல்வதானால்

இந்த இரண்டு வேலையும் முடிந்த பிறகு நாங்கள் மூவரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தோம். தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகம் புதிது. தாங்குவதற்கென்று செய்யப்பட்ட பாகம் பழசு.

சங்கிலி, பற்சில்லு, பெயரிங், றப்பர் வளையம், பின்சில்லுக்குள் உள்ள மெத்தை றப்பர், கிளச்சின் உராய்வுத் தட்டு ஆகியவை புதிதாகத்தான் இருக்க வேண்டும். சில்லின் அச்சு, பற்சில்லைத் தாங்கும் வட்டம், மூடி, முழுப் பற்பெட்டி ஆகியவை பழசாக இருக்கலாம். அச்சைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள்; வளைவு இருந்தால் துள்ளும். கிளச்சின் வெறும் உருக்குத் தட்டையும் கண்ணாடி மேல் வையுங்கள்; ஆடாமல் படுத்து, சூட்டில் நீலம் பாயாமல் இருந்தால் திரும்பப் போடலாம்.

பெயரிங் விடயத்தில் ஒரு குறிப்பு. அதன் விளிம்பில் 6202 அல்லது 6301 போல ஒரு இலக்கம் இருக்கும். 6202 என்றால் உள்வட்டம் 15, வெளிவட்டம் 35, அகலம் 11 மில்லிமீற்றர். உலகம் முழுக்க ஒரே அளவு. மோட்டார் சைக்கிள் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. தொழிற்சாலைகளுக்கு பெயரிங் விற்கும் கடையில் அதே இலக்கத்தில் நல்ல இனம் கிடைக்கும். ஆனால் தட்டிக் கழற்றிய பெயரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். உள்வட்டத்தில் விழும் அடி குண்டுகளின் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழுத்தும்.

புதிது என்று எழுதியிருப்பதெல்லாம் நல்லது என்றும் இல்லை. இணையத்தில் பாதி விலைக்கு வரும் பெயர்பெற்ற சங்கிலி பெரும்பாலும் போலி. சட்டம் பற்றியும் ஒரு சொல்: ஜேர்மனியில் கடையில் வாங்கும் புதுப் பொருளுக்கு இரண்டு ஆண்டு விற்பவர் பொறுப்பு. பழைய பொருளுக்குக் கடைக்காரர் அதை ஒரு ஆண்டாகக் குறைக்கலாம். தனியாளிடம் வாங்கினால் அவர் பொறுப்பே இல்லை என்று எழுதிவிடலாம். ஆகவே பற்றுச்சீட்டை எறியாதீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது இந்தப் பாகங்களையும்தான் பார்ப்பார்கள்.

புதுச் சங்கிலி போட்டவர்களுக்கு இரண்டு விடயம். கிளிப் போட்டுப் பூட்டும் சங்கிலியானால் கிளிப்பின் மூடிய பக்கம் சங்கிலி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். இறுக்கம் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும். தொய்வை விட அதிக இறுக்கம் கெடுதல், அது கியர்பெட்டித் தண்டின் பெயரிங்கைத் தின்றுவிடும். றப்பர் வளையச் சங்கிலியைப் பெற்றோலால் கழுவ வேண்டாம், வளையம் கெடும். மண்ணெண்ணெய் போதும். ஒரு காலத்தில் என்ஜினுக்கு ஊற்றிய எண்ணெய் இப்போது எங்களுக்குச் சங்கிலி கழுவ உதவுகிறது. கழுவித் துடைத்த பின் சங்கிலி ஒயில் பூசுங்கள்.

மாரி முழுக்க இரண்டு வண்டிகளும் ஓடின. ஒரு நாளும் வேலைக்குப் பிந்தவில்லை. தை மாதம் நாலு சனிக்கிழமை ஓவர்ரைம் செய்து பெரியம்மாவின் ஒரு கண்ணுக்குப் பணம் அனுப்பினோம். கட்டு அவிழ்த்த அன்று தொலைபேசியில், சுவரில் கலண்டரின் திகதி தெரிகிறது என்றார். மற்றக் கண்ணுக்கு ஆவணிக்குள் அனுப்ப வேண்டும்.

வாசகர்களில் எவருக்காவது சங்கிலி அளக்கத் தெரியாவிட்டால் கூச்சப்படாமல் தெரிந்தவர் ஒருவரிடம் கேளுங்கள். ஒரு அடிமட்டமும் பத்து நிமிடமும் போதும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லிக் கொடுங்கள்.